ஒளி போதாத நெகட்டிவ்: இரவுப் படங்களின் வரலாறு

இரவில் போதிய ஒளி படாமல் போன கறுப்பு வெள்ளை நெகட்டிவை விளக்குக்கு நேரே பிடித்தால் முதலில் கண்ணில் படுவது வெறுமைதான். தெருவிளக்கு இருந்த இடத்தில் அழுத்தமான கரும்புள்ளி ஒன்று இருக்கும். கடை முகப்பும் ஈரத் தரையும் இருந்த இடங்களில் மெல்லிய சாம்பல் படர்ந்திருக்கும். மற்றப் பரப்பெல்லாம் ஊடே பார்க்கும்படி தெளிந்து கிடக்கும். அதிலிருந்து பிரிண்ட் போட்டால் நிழல்கள் நல்ல கறுப்பாகக்கூட வராது. சேற்று நிறத்தில், மணல் மணலாக, உள்ளே எதுவும் தெரியாமல் வரும்.

இதே வெளிறல் வேறொரு காரணத்தாலும் வரும். டெவலப்பர் பழையதாகவோ குளிர்ந்தோ இருந்தால், அல்லது ஃபிலிமைச் சீக்கிரமே வெளியே எடுத்துவிட்டால், சரியாக எடுத்த படமும் வெளிறிப்போகும். இரண்டையும் பிரித்தறிய ஃபிலிமின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். அங்குள்ள எண்களும் ஃபிலிமின் பெயரும் தொழிற்சாலையிலேயே ஒளி பாய்ச்சிப் பதிக்கப்பட்டவை. அவை கறுத்துத் தெளிவாக இருந்து, படம் மட்டும் வெளிறியிருந்தால் குறை கேமராவில் நேர்ந்தது. எண்களும் சேர்ந்து மங்கியிருந்தால் குறை கழுவியதில். கேமராவில் நேர்ந்த குறையைக் கழுவும்போது எவ்வளவு தூரம் சரிசெய்ய முடியும் என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஒளிப்படக்கலைக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1839இல் டாகரின் முறை வெளியானபோது நல்ல வெயிலிலேயே ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் ஒளி தேவைப்பட்டது. ஆனாலும் மறு ஆண்டே நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலவைப் படமெடுத்துவிட்டார். அதற்கு அவர் கொடுத்த நேரம் 20 நிமிடம். நிலவு வெயில் படும் பாறை என்பதால் அது கைகூடியது. அந்த நிலவின் ஒளியில் தெரியும் ஊரைப் படமெடுப்பது வேறு கதை. முழுநிலவின் ஒளி வெயிலில் ஏறக்குறைய நான்கு லட்சத்தில் ஒரு பங்குதான்.

1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறை வேகமானது. ஆனால் கண்ணாடித் தட்டில் பூசிய கலவை ஈரமாக இருக்கும்போதே படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். சீக்கிரமே காய்ந்துபோகும் தட்டை வைத்துக்கொண்டு இருட்டில் அரைமணி நேரம் காத்திருக்க முடியாது. எனவே அந்தக் காலத்தவர் இருட்டுக்குள் விளக்கைக் கொண்டுபோனார்கள். பாரிஸின் நிலத்தடி எலும்புக் கிடங்குகளை 1861இல் படமெடுத்த நாதார், மின்கலங்களை மேலே தெருவில் வைத்து, கம்பி வழியே கீழே வில்விளக்கை எரித்தார். சில படங்களுக்கு 18 நிமிடம் பிடித்தது. அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க ஆளால் முடியாது என்பதால் கூலியாளின் உடை அணிவித்த பொம்மைகளை நிறுத்தினார்.

மெக்னீசியம் நாடாவை எரித்து எடுக்கும் முறை 1864இல் மான்செஸ்டரில் தொடங்கியது. மெக்னீசியப் பொடியுடன் பொட்டாசியம் குளோரேட் சேர்த்த பளிச்சொளிப் பொடியை 1887இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேயும் யோஹன்னஸ் கெடிக்கேயும் உருவாக்கினர். நியூயார்க் சேரிகளின் இருண்ட அறைகளை உலகுக்குக் காட்டிய ஜேக்கப் ரீஸ் பயன்படுத்தியது இதைத்தான். படமெடுக்கப் போய் வீட்டுக்கே தீ வைத்துவிட்ட அனுபவம் உண்டென்று அவரே எழுதியிருக்கிறார். பளிச்சொளி முகங்களைக் காட்டியது. ஆனால் அந்த அறையில் அதுவரை இருந்த இருட்டையும் சிம்னி விளக்கின் ஒளியையும் அது அழித்துவிட்டது. இரவை இரவாகவே எடுக்க நினைத்தவர்களுக்கு அது தீர்வாகவில்லை.

அவர்களுக்கு வழி திறந்தது உலர் தட்டு. 1871இல் ரிச்சர்ட் லீச் மாடக்ஸ் ஜெலட்டினில் வெள்ளி புரோமைடைக் கலந்து பூசும் முறையை வெளியிட்டார். அந்தக் கலவையை நாள்கணக்கில் இளஞ்சூட்டில் வைத்தால் வேகம் பல மடங்கு கூடும் என்று 1878இல் சார்ல்ஸ் பென்னட் காட்டினார். தட்டு மாதக்கணக்கில் கெடாது என்பதால் இரவு முழுவதும் லென்ஸைத் திறந்து வைத்தாலும் பாதகமில்லை. தடையாக நின்றது தட்டின் நிறக்குருடு. அது நீலத்தை மட்டுமே நன்றாக உணர்ந்தது. கேஸ் விளக்கின் ஒளியோ பெரும்பாலும் மஞ்சளும் சிவப்பும். கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிந்த தெரு, தட்டுக்கு ஏறக்குறைய இருட்டு. சாயம் சேர்த்து மற்ற நிறங்களுக்கும் தட்டைப் பழக்கலாம் என்று ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் 1873இலேயே கண்டிருந்தாலும், எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் தட்டுகள் கடைகளுக்கு வர 1906 ஆயிற்று.

இந்தக் குறைகளோடு லண்டன் தெருக்களில் இறங்கியவர் பால் மார்ட்டின். மரத்தில் படம் செதுக்குவது அவர் தொழில். 1895, 1896இல் அவர் எடுத்த கேஸ் விளக்கு லண்டன் படங்களுக்கு ராயல் ஒளிப்படச் சங்கத்தின் பதக்கம் கிடைத்தது. அவர் கையாண்ட உத்தி இன்றும் உதவக்கூடியது. முக்காலியை அந்தி நேரத்திலேயே நிறுத்தி, வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போது ஒரு முறை ஒளி கொடுப்பார். கட்டடங்களின் விளிம்பும் தரையும் அதில் பதிந்துவிடும். பிறகு லென்ஸை மூடி, இருட்டி விளக்குகள் ஏற்றப்படும்வரை கேமராவை அசைக்காமல் காத்திருந்து, அதே தட்டில் மறுபடியும் ஒளி கொடுப்பார். நிழலுக்கு வேண்டிய ஒளி அந்தியிலிருந்தும், விளக்குக்கு வேண்டியது இரவிலிருந்தும் வந்தன. நிழலில் ஒன்றும் பதியவில்லை என்று பிறகு வருந்துவதைவிட அதை முன்கூட்டியே பதித்துவைப்பது மேல் என்பதை இவ்வளவு எளிமையாகச் செய்து காட்டியவர்கள் குறைவு.

மார்ட்டினின் படங்களால் தூண்டப்பட்ட ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ் 1897, 1898 குளிர்காலங்களில் நியூயார்க்கில் இரவுப் படங்கள் எடுத்தார். அவை மழையில் நனைந்த தெருவும் பனி மூடிய பூங்காவும். தேர்வு தற்செயல் அல்ல. காய்ந்த தார்ச்சாலை ஒளியை விழுங்கிவிடும். ஈரமும் பனியும் ஒவ்வொரு விளக்கின் ஒளியையும் தரையெங்கும் திருப்பி அனுப்பி நிழல்களை நிரப்பும்.

இருட்டறையில் அப்போது நிலவிய நம்பிக்கை வேறு. தேர்ந்த கைகாரர் டெவலப்பரைக் கூட்டிக் குறைத்தால் எந்தத் தட்டையும் காப்பாற்றிவிடலாம் என்று எல்லோரும் நம்பினர். சிவப்பு விளக்கின் கீழ் தட்டைப் பார்த்தபடியே கழுவுவார்கள். ஒளி குறைந்த தட்டு என்று தெரிந்தால் பைரோ டெவலப்பரில் இன்னும் சில சொட்டு அம்மோனியா விட்டு நிழலை இழுத்து வர முயல்வார்கள். இதற்குச் சோதனை மூலம் மறுப்புச் சொன்னவர்கள் இங்கிலாந்தின் விட்னெஸ் நகரில் ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இருவர்: சுவிட்சர்லாந்தில் பிறந்த வேதியியலாளர் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், பொறியாளர் விரோ சார்ல்ஸ் டிரிஃபீல்டு. மெழுகுவர்த்தி ஒளியைத் துல்லியமாக அளந்து தட்டின்மேல் படவைத்து, கழுவியபின் ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு வெள்ளி கறுத்திருக்கிறது என்று அளந்தார்கள். 1890இல் அந்த முடிவுகள் வெளிவந்தன.

அவர்கள் வரைந்த கோட்டுக்கு மூன்று பகுதிகள். அடியில் மெல்ல எழும் பாதம், நடுவில் நேராக ஏறும் சரிவு, மேலே மடங்கும் தோள். பாதத்துக்கும் கீழே, எவ்வளவு ஒளி பட்டாலும் படாவிட்டாலும் ஒரே அளவு மங்கல்தான் இருக்கும். போதிய ஒளி பெற்ற படத்தில் நிழல்கள் பாதத்துக்கு மேலே சரிவில் நிற்கும். ஒளி குறையக் குறைய எல்லாச் சாயல்களும் கீழே சறுக்குகின்றன. முதலில் பாதத்துக்குள் விழுவது நிழல்தான். பாதத்தில் விழுந்த இரண்டு நிழல்களுக்கு இடையே வேறுபாடு ஏறக்குறைய இல்லை. டெவலப்பரில் கூடுதல் நேரம் வைத்தால் சரிவு செங்குத்தாகும், அதாவது ஏற்கெனவே பதிந்தவை ஒன்றுக்கொன்று மேலும் விலகும். பாதம் பெரிதாக நகராது. இரவுப் படத்தில் இதன் பலன் கொடுமையானது. நிழல் இருந்த இடத்திலேயே கிடக்க, விளக்கும் வெளிச்சமான சுவரும் மட்டும் மேலும் மேலும் கறுத்து, பிரிண்டில் வெறும் வெள்ளைத் திட்டுகளாக நிற்கும்.

கைத்திறனால் வாழ்ந்த பல ஒளிப்படக்காரர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர். விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பான்குரோமேட்டிக் தட்டுகள் வந்தபோது அவற்றை முழு இருட்டில்தான் கழுவ முடிந்தது. பார்த்துப் பார்த்துக் கழுவும் பழக்கம் மெல்ல மறைந்து, வெப்பநிலையும் கடிகாரமும் அதன் இடத்தைப் பிடித்தன.

கழுவி முடித்த நெகட்டிவைத் தேற்ற வேறொரு வழி இருந்தது. அதுதான் செறிவூட்டல். மெர்க்குரிக் குளோரைடில் நெகட்டிவை வெளுக்கவிட்டு அம்மோனியாவில் மறுபடியும் கறுக்கவைப்பது பழைய முறை. அது கொடிய விஷம், பலனும் நாளடைவில் கெடக்கூடியது. பொட்டாசியம் பைக்ரோமேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் வெளுத்து மீண்டும் டெவலப் செய்யும் குரோமியம் முறை நிலையானது. யுரேனியச் செறிவூட்டி நெகட்டிவுக்குச் செம்பழுப்பு நிறம் கொடுக்கும். பிரிண்ட் தாளுக்கு வேண்டிய நீல ஒளியை அந்த நிறம் தடுப்பதால், கண்ணுக்கு மெலிதாகத் தெரியும் சாயலும் பிரிண்டில் வலுத்து விழும். இவை எல்லாம் பதிந்திருக்கும் வெள்ளியைத்தான் பெருக்குகின்றன. வெள்ளியே இல்லாத இடத்தில் பெருக்க ஒன்றுமில்லை.

இன்னொரு சங்கடம் ஆய்வுக்கூடத்தில் அல்ல, வானியல் கூடத்தில் வெளிப்பட்டது. ஒளியின் அளவைப் பாதியாக்கினால் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது 1862இல் புன்சனும் ராஸ்கோவும் நிறுவிய விதி. பகல் படங்களில் அது பிசகுவதில்லை. வியன்னாவின் குஃப்னர் வானோக்கு நிலையத்தில் விண்மீன்களின் பிரகாசத்தைத் தட்டுகளில் அளந்துகொண்டிருந்த கார்ல் ஷ்வார்ட்ஸ்ஷில்டு, மங்கலான ஒளியில் அந்த விதி உடைவதை 1899, 1900 வாக்கில் எண்களாகக் காட்டினார். நேரத்தை அப்படியே பெருக்காமல் அதன் 0.86 அடுக்கைப் பெருக்க வேண்டும் என்பது அவர் கண்ட கணக்கு. விதிப்படி 100 விநாடி போதும் என்று தோன்றும் இடத்தில், இந்தக் கணக்குப்படி 210 விநாடிக்கு மேல் தேவை. முக்காலியில் வைத்து, மீட்டர் சொன்ன நேரத்தைச் சரியாகக் கொடுத்தும் படம் வெளிறிப்போன எத்தனையோ பேருக்கு உண்மையான காரணம் இதுதான்.

ஏன் இப்படி நேர்கிறது என்பதற்கு 1938இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரொனால்டு கர்னியும் நெவில் மாட்டும் முன்வைத்த கோட்பாடு விடை தந்தது. வெள்ளி உப்பின் ஒரு துகளில் ஒளி பட்டால் ஒரு வெள்ளி அணு உருவாகிறது. தனி அணு நிலைப்பதில்லை. சற்று நேரத்தில் கலைந்துவிடும். அடுத்தடுத்து அணுக்கள் சேர்ந்து சிறு கூட்டமானால்தான் டெவலப்பர் அந்தத் துகளைக் கறுக்கவைக்கும். காய்ந்த தோசைக்கல்லில் சொட்டுச் சொட்டாக விழும் நீர் அடுத்த சொட்டு வருமுன் ஆவியாவதைப் போல, மங்கலான ஒளியில் முதல் அணு இரண்டாவதற்குக் காத்திராமல் கலைகிறது. விளக்குக்கு அருகே ஒளி வேகமாக வருவதால் இழப்பு குறைவு, நிழலில் அதிகம். ஆகவே நீண்ட நேரப் படத்தில் நிழல் இரட்டிப்பாகத் தண்டிக்கப்படுகிறது. நேரத்தை நீட்டும்போது கழுவும் நேரத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும் என்று நிறுவனங்கள் அறிவுறுத்துவது, அதனால் கூடும் ஒளி-நிழல் வேறுபாட்டைத் தணிக்கத்தான்.

இரவுப் படக்காரர்களில் கோட்பாட்டைக் காட்டிலும் அனுபவத்தால் இந்த விதிகளை வசப்படுத்தியவர் பிராசாய். டிரான்சில்வேனியாவில் 1899இல் பிறந்த ஹங்கேரியர் அவர். இயற்பெயர் ஜ்யூலா ஹாலாஸ். 6.5க்கு 9 சென்டிமீட்டர் கண்ணாடித் தட்டு போடும் ஃபாய்க்ட்லெண்டர் பெர்கைல் கேமராவையும் முக்காலியையும் சுமந்து பாரிஸ் தெருக்களில் இரவெல்லாம் நடந்தார். 1932இன் இறுதியில் ‘இரவில் பாரிஸ்’ நூல் வெளிவந்தது. நேரத்தை அவர் சிகரெட்டால் கணித்தார். சாதாரண இருட்டுக்கு ஒரு கோலுவாஸ் எரிந்து முடியும்வரை, இன்னும் இருண்டிருந்தால் தடித்த புவாயார் ஒன்று எரியும்வரை லென்ஸ் திறந்திருக்கும். இது பலரும் சொல்லிச் சொல்லி வேடிக்கைக் கதையாகிவிட்டது. உண்மையில் அதைவிட முக்கியமானது அவர் விளக்கைக் கையாண்ட விதம். தெருவிளக்கின் சுடரை நேரே காட்டாமல் மரத்தின் பின்னாலோ சுவரின் மூலையிலோ மறைத்தார். தட்டின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளி விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் போடும் கோளாறு அதனால் அடங்கியது. விளக்கு வெளுத்துவிடுமே என்ற கவலையின்றி நிழலுக்கு வேண்டிய நேரத்தைத் தாராளமாகக் கொடுக்க முடிந்தது. பனிமூட்டத்தையும் மழையையும் அவர் தேடிப் போனதும் ஸ்டீக்லிட்ஸ் கண்ட காரணத்துக்காகவே.

கையில் பிடித்தே இரவில் எடுக்க நினைத்தவர்களுக்கு லென்ஸ் உதவியது. 1924இல் டிரெஸ்டனில் எர்னெமான் நிறுவனம் வெளியிட்ட எர்மனாக்ஸ் கேமராவில் லுட்விக் பெர்டலே வடிவமைத்த எஃப்/2 லென்ஸ் இருந்தது. அதைக் கொண்டுதான் எரிக் சாலமன் மாநாட்டு அறைகளிலும் நீதிமன்றங்களிலும் பளிச்சொளியின்றிப் படமெடுத்தார்.

மீட்டர்கள் 1930களில் பரவின. ஆனால் செலினியம் மீட்டரின் முள் இரவில் அசையவே அசையாது. 1960களில் காட்மியம் சல்ஃபைடு மீட்டர்கள் வந்தபிறகுதான் மங்கலான ஒளியை அளக்க முடிந்தது. அப்போதும் ஒரு கண்ணி இருந்தது. சட்டத்துக்குள் ஒரு விளக்கு இருந்தால் மீட்டர் அதைப் பார்த்து ஏமாந்து, மொத்தக் காட்சிக்கும் நேரத்தைக் குறைத்துச் சொல்லும். இரவுப் படம் வெளிறுவதற்கு இதுவே மிகப் பரவலான காரணம். விளக்கை விட்டுவிட்டு, விவரம் தெரிய வேண்டிய நிழலை மட்டும் அளந்தால் இது நேராது.

மீட்டரே கிடைக்காத ஒரு நேரத்தில் எடுத்த படம்தான் இந்த வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற மெலிந்த நெகட்டிவ். 1941 இலையுதிர் காலத்தில் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரருகே, இருட்டுமுன் கடைசி வெயில் கல்லறைச் சிலுவைகளின்மேல் பட்டுக்கொண்டிருக்க, மேலே நிலவு எழுந்ததை ஆன்செல் ஆடம்ஸ் கண்டார். 8க்கு 10 அங்குலக் கேமராவை நிறுத்தியாயிற்று, மீட்டரைக் காணவில்லை. நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவிருந்தது. அதை வைத்துக் கணக்கிட்டு எஃப்/32இல் ஒரு விநாடி கொடுத்தார். இன்னொரு ஃபிலிமைத் திருப்பிப் போடுமுன் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. நிலவு சரியாக விழுந்தது, முன்புறத் தரை மெலிந்திருந்தது. அதை அறிந்தே அவர் டெவலப்பருக்கும் வெறும் நீருக்கும் மாற்றி மாற்றிக் கழுவினார். நீரில் அசையாமல் கிடக்கும்போது நிலவின் பகுதியில் டெவலப்பர் சீக்கிரம் தீர்ந்துபோகும், தரையின் பகுதியில் தொடர்ந்து வேலை செய்யும். அப்படியும் பிரிண்ட் போடுவது பெரும்பாடாக இருந்ததால், 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் கோடாக்கின் ஐஎன்-5 கரைசலில் செறிவூட்டினார். அது பலித்தது, ஏனென்றால் தரையில் மெலிதாகவேனும் வெள்ளி இருந்தது.

வேக ஃபிலிம்களின் காலம் 1954இல் சிறு ரோல்களாக வந்த டிரை-எக்ஸோடு தொடங்கியது எனலாம். அதன் வேகத்தைக் குறிக்கும் ஏஎஸ்ஏ எண் பகலுக்கு 200, குண்டு பல்பு ஒளிக்கு 160. 1960இல் அமெரிக்கத் தர விதி மாறி, எண்ணுக்குள் ஒளிந்திருந்த பாதுகாப்பு ஒதுக்கீடு நீக்கப்பட்டபோது அதே ஃபிலிம் 400 ஆயிற்று. ஃபிலிம் மாறவில்லை. தவறு செய்ய இருந்த இடம்தான் பாதியாயிற்று. பத்திரிகைப் படக்காரர்கள் அதையும் தாண்டி 1600 என்று வைத்து எடுத்து, கூடுதல் நேரம் கழுவினார்கள். ‘புஷ்’ என்று இருட்டறைக்காரர்கள் சொல்லும் இந்த முறைக்கும் ஹர்ட்டர், டிரிஃபீல்டின் கோடே பொருந்தும். முகமும் சட்டையும் அச்சுக்கு ஏற்ற அளவுக்கு உயரும், நிழல் போனது போனதுதான். செய்தித்தாளுக்கு அது போதுமாயிருந்தது. ஃபெனிடோன் கலந்த மைக்ரோஃபென் போன்ற டெவலப்பர்கள் பாதத்தில் உண்மையாகவே கொஞ்சம் மீட்டன, ஆனால் ஒரு ஸ்டாப்பை, அதாவது ஒளி ஒருமுறை இரட்டிப்பாகும் அளவை, தாண்டவில்லை. பத்திரிகைப் படக்காரரான யூஜீன் ஸ்மித் பிரிண்டை வேண்டுமென்றே இருட்டாகப் போட்டு, பொட்டாசியம் ஃபெரிசயனைடைத் தூரிகையால் தொட்டு முகங்களிலும் கைகளிலும் வெளிச்சத்தைத் திறந்தார். இரவுப் படங்களில் இருட்டை இருட்டாகவே ஏற்று, உள்ள வெளிச்சத்தை மட்டும் மிளிரவைக்கும் இந்த வழி, இல்லாத நிழலைச் சாம்பலாக இழுத்துக் காட்டுவதைவிட எவ்வளவோ நேர்மையானது.



1988இல் கோடாக் வெளியிட்ட டி-மேக்ஸ் பி3200, பத்தாண்டு கழித்து இல்ஃபோர்டு வெளியிட்ட டெல்டா 3200 ஆகியவற்றின் பெயர்களை அப்படியே நம்புவோருக்கும் வெளிறிய நெகட்டிவ்கள்தான் கிடைக்கும். கோடாக் ஃபிலிமின் பெயரில் உள்ள ‘பி’ புஷ் செய்வதையே குறிக்கிறது. இரண்டின் உண்மையான வேகமும் ஐஎஸ்ஓ 800க்கும் 1000க்கும் இடையில்தான்.

வானியலாளர்கள் வேறு திசையில் போனார்கள். தட்டை முன்கூட்டியே நைட்ரஜனில் சூடாக்கினார்கள். 1970களில் ஹைட்ரஜன் வாயுவில் ஊறவைத்தும் பார்த்தார்கள். ஈரமும் ஆக்ஸிஜனும் வெளியேறியபின் மங்கலான ஒளியில் வேக இழப்பு பெருமளவு குறைந்தது. டெக்னிக்கல் பான் என்ற நுண்துகள் ஃபிலிமை இப்படிப் பதப்படுத்தி வீட்டு மாடியிலிருந்து விண்மீன் மண்டலங்களை எடுத்த ஆர்வலர்களும் இருந்தனர்.

இன்று விற்கும் ஃபிலிம்களுக்கு நிறுவனங்களே நேரத் திருத்தத்தைக் கொடுக்கின்றன. இல்ஃபோர்டு ஹெச்பி5க்கு அளந்த நேரத்தை 1.31 அடுக்குக்கு உயர்த்தச் சொல்கிறது. அதன்படி மீட்டர் 10 விநாடி காட்டினால் கொடுக்க வேண்டியது சுமார் 20, 30 காட்டினால் சுமார் 86. ஃபூஜியின் அக்ராஸ் ஃபிலிமுக்கு 120 விநாடிவரை திருத்தமே வேண்டாம். அதற்கு மேல் 1000 விநாடிவரை அரை ஸ்டாப் கூட்டினால் போதும்.